தரவுத்தள பெஞ்ச்மார்க் கருவிக்குச் சமவாய்ப்பு எண் ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தரவுத்தளத்தின் வேகத்தை அளக்கும் கருவி எதுவாக இருந்தாலும், அது விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஒரே கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது: அடுத்து எந்தப் பதிவைத் தொடுவது? அந்த விடையைத் தருவது சமவாய்ப்பு எண் ஜெனரேட்டர். கேட்ட பக்கம் (தரவுத்தளம் ஒருமுறையில் படிக்கும் தரவுத் தொகுதி) நினைவகத்திலேயே கிடைக்குமா, வட்டிலிருந்து படிக்க வேண்டியிருக்குமா, இரண்டு பரிவர்த்தனைகள் ஒரே பதிவின் பூட்டுக்காகக் காத்து நிற்குமா என்பதெல்லாம் அது தரும் எண்ணைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே ஜெனரேட்டரை ஏதோ ஒரு நூலகச் செயற்கூறு என்று ஒதுக்கிவிட முடியாது. அது சோதனைச் சுமையின் ஒரு பகுதி. அது தவறினால், நாம் அளப்பது நாம் நினைத்த தரவுத்தளத்தையே அல்ல.

இதை நான் கற்றுக்கொண்டது 32 த்ரெட்களுடன் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் நிரல் இழைகள்) ஓடிய ஒரு சோதனையில். வாசிப்புச் சோதனையில் வேகம் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூடுதலாக வந்தது. வட்டு ஏறக்குறைய சும்மா இருந்தது. அதே கருவியைப் புதுப்பித்தல் சோதனைக்குத் திருப்பியபோது வேகம் சரிந்து, த்ரெட்கள் எல்லாம் பூட்டுகளுக்காகக் காத்து நின்றன. கேஷ் (படித்த பக்கங்களை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) அளவையும் பூட்டு அமைப்புகளையும் இரண்டு நாட்கள் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், ஒவ்வொரு த்ரெட்டும் தன் விதை எண்ணை (எண் தொடரைத் தொடங்கிவைக்கும் மதிப்பை) விநாடிக் கணக்கிலான கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது தெரிந்தது. 32 த்ரெட்களும் ஒரே விநாடியில் தொடங்கியதால், எல்லாவற்றுக்கும் ஒரே விதை, ஒரே எண் தொடர். முதலில் கேட்ட த்ரெட் ஒரு பக்கத்தை வட்டிலிருந்து கொண்டுவர, மற்ற 31 த்ரெட்களும் அதையே கேஷிலிருந்து படித்துக்கொண்டிருந்தன. தரவுத்தளத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

கீழே உள்ள படிகள், ஜெனரேட்டரை நீங்களே எழுதும் கருவியில் பொருத்துவதற்கும், ஏற்கெனவே உள்ள கருவியின் ஜெனரேட்டர் உங்கள் சோதனைக்குப் போதுமா என்று ஆராய்வதற்கும் சம அளவில் பயன்படும்.

படி 1: தேவையைக் கணக்காக எழுதுங்கள்

அல்காரிதத்தின் பெயரிலிருந்து தொடங்காமல், உங்கள் சோதனையிலிருந்து தொடங்குங்கள். மிகப் பெரிய அட்டவணையில் எத்தனை பதிவுகள், எத்தனை த்ரெட்கள், ஒரு பரிவர்த்தனைக்கு எத்தனை சமவாய்ப்பு எண்கள், சோதனை எவ்வளவு நேரம் ஓடும் என்ற நான்கையும் எழுதிக்கொண்டால், எத்தனை எண்கள் தேவைப்படும் என்பது ஒரு பெருக்கலில் வந்துவிடும்.

தரவு ஏற்றும் கட்டத்தில் ஒரு ஜெனரேட்டரிடமிருந்து விநாடிக்கு 1 கோடி எண்களை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சுழற்சி நீளம் 2³¹ அளவில் இருந்தால், 215 விநாடிகளில் அது தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். அதாவது நான்கு நிமிடம் முடிவதற்குள் முதலில் எழுதிய அதே தரவை மீண்டும் எழுதத் தொடங்கும். 2⁴⁸ சுழற்சி உள்ள ஜெனரேட்டர் அதே வேகத்தில் சுமார் 325 நாட்கள் தாங்கும். 2¹²⁸ சுழற்சி தீர்ந்துபோவதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் 31 பிட் ஜெனரேட்டரைத் தீவிரமான சோதனைக்கு எடுக்க மாட்டார்கள்.

படி 2: வெளியீட்டின் அகலத்தைச் சரிபாருங்கள்

சுழற்சி நீளத்தைவிட அடிக்கடி ஏமாற்றுவது வெளியீட்டின் அகலம். சி மொழியின் தரநிலை, ரேண்ட் செயற்கூறு தரக்கூடிய மிகப் பெரிய எண் குறைந்தது 32,767 ஆக இருக்க வேண்டும் என்று மட்டுமே கோருகிறது. சில தளங்களில் அது அந்த 15 பிட் எல்லையிலேயே நிற்கிறது; வேறு சிலவற்றில் 31 பிட். நிரலை எழுதிய கணினியில் சரியாக இருந்தது, வேறொரு தளத்தில் தொகுக்கப்பட்டதும் எந்த எச்சரிக்கையும் இன்றிச் சுருங்கிவிடக்கூடும்.

இதன் விளைவைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். 10 கோடி பதிவுகள் உள்ள அட்டவணை. ஒரு பக்கம் 8 கிலோபைட். ஒரு பக்கத்தில் 100 பதிவுகள். அப்படியானால் அட்டவணையின் அளவு சுமார் 8 ஜிகாபைட். 15 பிட் எண்ணை எடுத்து 10 கோடியால் வகுத்து மீதியைப் பதிவு எண்ணாகக் கொண்டால், 0 முதல் 32,767 வரையிலான பதிவுகள் மட்டுமே தொடப்படும். அவை அடுத்தடுத்த 328 பக்கங்களில், அதாவது சுமார் 2.6 மெகாபைட்டில் அடங்கிவிடும். அதே எண்ணைப் பின்னமாக்கி அட்டவணை முழுவதற்கும் விரித்தால் நிலைமை மேம்பட்டதுபோல் தோன்றும். உண்மையில் தொடப்படுவது அதே 32,768 பதிவுகள்தான், இம்முறை 32,768 வெவ்வேறு பக்கங்களில். அது சரியாக 256 மெகாபைட். இரண்டு வகையிலும் சோதனை தொடங்கிய சற்று நேரத்தில் எல்லாம் கேஷில் அமர்ந்துவிடும். 8 ஜிகாபைட் தரவை அளந்ததாக அறிக்கை மட்டும் சொல்லும்.

எனவே விதி இது: ஜெனரேட்டர் ஒரு அழைப்பில் முழு 64 பிட்களையும் தர வேண்டும். இரண்டு சிறிய எண்களை ஒட்டி ஒரு பெரிய எண்ணாக்குவது பழைய நிரல்களில் காணப்படும் வழக்கம்; அடிப்படை ஜெனரேட்டரின் உள்நிலை (அடுத்த எண்ணைக் கணக்கிட அது நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) சிறியதாக இருந்தால், ஒட்டிய எண்ணும் அந்த எல்லையைத் தாண்டாது.

படி 3: அல்காரிதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மிகப் பழைய குடும்பம், முந்தைய எண்ணைப் பெருக்கிக் கூட்டி மீதி எடுக்கும் நேரியல் ஜெனரேட்டர். இதில் மீதி எடுக்கும் எண் 2-இன் அடுக்காக இருந்தால், கீழ் பிட்கள் மிகவும் பலவீனமானவை: கடைசி பிட் 0, 1 என்று மாறி மாறி வரும், கடைசி 4 பிட்கள் 16 எண்களுக்கு ஒருமுறை திரும்பும். 16 பகிர்வுகளாகப் பிரித்த அட்டவணையில், பகிர்வைத் தேர்ந்தெடுக்க அந்தக் கீழ் பிட்களைப் பயன்படுத்தினால், கோரிக்கைகள் ஒரே ஒழுங்கில் பகிர்வுகளைச் சுற்றிவரும். சமவாய்ப்பு என்ற பெயரில் நாம் அளப்பது அந்தச் சீரான சுற்றைத்தான். 1960-களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாக இருந்த ரேண்டு என்ற ஜெனரேட்டர் இந்தக் குடும்பத்தின் மோசமான எடுத்துக்காட்டு. அதன் அடுத்தடுத்த மூன்று எண்களை முப்பரிமாணப் புள்ளிகளாக வைத்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் விழுந்துவிடும்.

பெருக்கெண் 16,807, வகுக்கும் எண் 2³¹−1 என்று அமைந்த பார்க்–மில்லர் ஜெனரேட்டர் 1988-இல் குறைந்தபட்சத் தரமாக முன்வைக்கப்பட்டது. லெவல்டிபி என்ற தரவுத்தள நூலகம் தன் உள்ளேயுள்ள எளிய ஜெனரேட்டராக இதையே வைத்திருக்கிறது. சிறிய முடிவுகளுக்கு இது போதும். 200 கோடிக்கு மேற்பட்ட விசைகள் (பதிவுகளை அடையாளம் காட்டும் மதிப்புகள்) உள்ள சோதனைக்குப் போதாது. அது தரக்கூடிய வெவ்வேறு எண்களே அதற்கு மேல் இல்லை.

யூனிக்ஸ் உலகின் டிரேண்ட்48 குடும்பமும் ஜாவாவின் பழைய ரேண்டம் வகுப்பும் ஒரே அடிப்படையைப் பகிர்ந்துகொள்பவை: 48 பிட் உள்நிலை, பெருக்கெண் 25214903917, கூட்டும் எண் 11. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் நீண்ட காலம் இந்தக் குடும்பத்தையே பயன்படுத்தி, 2022-இல் வெளியான 15-ஆம் பதிப்பில் ஸோரோஷிரோ128 என்ற அல்காரிதத்துக்கு மாறியது. அதன் அளவீட்டுக் கருவியான பிஜிபெஞ்சும் கூடவே மாறியது. ஆகவே 14-ஆம் பதிப்பின் பிஜிபெஞ்சையும் 15-ஆம் பதிப்பின் பிஜிபெஞ்சையும் ஒரே விதை எண்ணுடன் ஓட்டினாலும், அவை ஒரே பதிவுகளைத் தொடா. இரண்டு சர்வர் பதிப்புகளை ஒப்பிடும்போது கருவியை ஒரே பதிப்பில் நிறுத்தி வைப்பது நல்லது.

மெர்சென் ட்விஸ்டர், மகோடோ மட்சுமோட்டோவும் டகுஜி நிஷிமுராவும் உருவாக்கியது. பல மொழிகளின் நூலகங்களில் அதுவே இயல்பான தேர்வு. அதன் சுழற்சி 2¹⁹⁹³⁷−1. கடுமையான புள்ளியியல் சோதனைத் தொகுப்புகளில் நேரியல் சிக்கல்தன்மையை அளக்கும் சில சோதனைகளில் அது தோற்பது உண்மைதான். ஆனால் எந்தப் பதிவைத் தொடுவது என்று முடிவு செய்ய அந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல. என் தயக்கம் வேறு இடத்தில். ஒவ்வொரு ஜெனரேட்டரும் சுமார் 2,500 பைட் உள்நிலையைச் சுமக்கிறது. நினைவகத்திலேயே இயங்கும் உட்பொதி தரவுத்தளத்தை அளக்கும்போது, அந்த இடம் அளக்கப்படும் நிரலுடன் செயலியின் முதல்நிலைக் கேஷுக்குப் போட்டியிடும். வலைப்பின்னல் வழியாகச் சர்வரை அளப்பவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

புதிதாக எழுதுபவருக்கு நான் பரிந்துரைப்பது ஸோஷிரோ256 அல்லது 64 பிட் வெளியீடு கொண்ட பிசிஜி. முன்னது டேவிட் பிளாக்மனும் செபாஸ்டியானோ விக்னாவும் வடிவமைத்தது, 32 பைட் உள்நிலை கொண்டது. பின்னது மெலிசா ஓ'நீல் 2014-இல் வெளியிட்டது. இரண்டுமே ஓர் எண்ணை ஒரு நானோவிநாடி அளவில் தரவல்லவை, இரண்டுமே கடுமையான சோதனைத் தொகுப்புகளைக் கடந்தவை. சிஸ்பெஞ்ச் என்ற அளவீட்டுக் கருவியின் 1.0 பதிப்பு பயன்படுத்தும் ஸோரோஷிரோ128+ வகையும் நல்லதே. ஆனால் பெயரின் இறுதியில் கூட்டல் குறி உள்ள வகைகளில் கடைசி சில பிட்கள் பலவீனமானவை என்பதால், மேல் பிட்களையே பயன்படுத்த வேண்டும்.

கடவுச்சொல்லுக்கும் மறையாக்கத்துக்கும் உரிய பாதுகாப்பான ஜெனரேட்டர் இங்கே தேவையில்லை. தரவுத்தளம் நம் அடுத்த எண்ணை ஊகிக்க முயலும் எதிரி அல்ல. குறிப்பாக, ஒவ்வொரு விசைக்கும் இயங்குதளத்தின் யூரேண்டம் சாதனத்திலிருந்து எண் எடுத்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிஸ்டம் அழைப்பு கூடுகிறது. அந்தச் செலவை நாம் தரவுத்தளத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

படி 4: எண்ணை வரம்புக்குள் கொண்டுவருதல்

நல்ல ஜெனரேட்டரையும் இந்த ஒரு வரியில் கெடுத்துவிட முடியும். 32 பிட் எண்ணை எடுத்து, 300 கோடி பதிவுகளுக்கு மீதி காண்கிறோம் என்று கொள்வோம். 32 பிட்டில் உள்ள எண்கள் சுமார் 429.5 கோடி. முதல் 129.5 கோடிப் பதிவுகளுக்கு இரண்டு எண்கள் வந்து சேரும். மற்றவற்றுக்கு ஒன்று மட்டுமே. கணக்குப் பார்த்தால், அட்டவணையின் முதல் 43 சதவீதப் பதிவுகளுக்கு 60 சதவீத அணுகல்கள் போகின்றன. சீரான பரவல் என்று அறிக்கையில் எழுதியிருப்பது உண்மையில் சாய்ந்த பரவல்.

64 பிட் எண்ணுக்கு மாறினால் இந்தச் சாய்வு அளக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிவிடும். நடைமுறைக்கு அதுவே போதுமான தீர்வு. இன்னும் துல்லியம் வேண்டுமானால், 64 பிட் எண்ணைப் பதிவு எண்ணிக்கையால் பெருக்கி, 128 பிட் பெருக்கற்பலனின் மேல் பாதியை எடுத்து, சாய்வைத் தரும் சில எண்களை மட்டும் நிராகரிக்கும் டேனியல் லெமிரின் முறையைக் கையாளுங்கள். அது மேல் பிட்களைச் சார்ந்திருப்பதால் கீழ் பிட்களின் பலவீனத்தையும் தவிர்க்கிறது. பெரும்பாலான அழைப்புகளில் வகுத்தலும் தேவைப்படாது என்பதால் வேகமானதும்கூட.

படி 5: த்ரெட்களும் விதைகளும்

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஜெனரேட்டர் இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். லினக்ஸின் வழக்கமான சி நூலகத்தில் ரேண்ட் செயற்கூறு உள்ளே ஒரு பூட்டை வைத்திருக்கிறது. ஜாவாவின் பழைய ரேண்டம் வகுப்பு, பகிரப்பட்ட ஒரு எண்ணை அணுநிலைச் செயலால் மாற்றுகிறது. 64 த்ரெட்கள் ஒரே ஜெனரேட்டரை அழைத்தால், தரவுத்தளத்துக்குப் போகும் முன்னரே அவை கருவிக்குள் வரிசையில் நிற்கும். த்ரெட்களைக் கூட்டியும் வேகம் கூடாததைப் பார்த்து, சர்வர் தேங்கிவிட்டதாக முடிவு செய்துவிடுவோம்.

தனி ஜெனரேட்டர் என்றதும் எழும் கேள்வி, விதைகளை எங்கிருந்து எடுப்பது என்பது. நேரத்தை விதையாக்குவதன் விளைவை மேலே சொன்னேன். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 32 பிட் விதையைச் சமவாய்ப்பாக எடுப்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல: 77,000 விதைகள் எடுத்தால், ஏதேனும் இரண்டு ஒன்றாக அமைய ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இணைப்பு ஒன்றுக்கு ஒரு ஜெனரேட்டர் என்று ஆயிரக்கணக்கில் உருவாக்கி, அச்சோதனையை நூற்றுக்கணக்கான முறை ஓட்டுபவருக்கு இது எட்டாத எண் அல்ல. 1, 2, 3 என்று அடுத்தடுத்த விதைகளை நேரடியாகக் கொடுத்தால், நேரியல் ஜெனரேட்டரில் த்ரெட்களின் முதல் எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே அமையும்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. பயனர் ஒரே ஒரு முதன்மை விதையைக் கட்டளையில் தருகிறார். அந்த விதையிலிருந்து ஸ்ப்ளிட்மிக்ஸ்64 என்ற சிறிய ஜெனரேட்டரைத் தொடங்கி, த்ரெட் எண்ணின் வரிசைப்படி ஒவ்வொன்றின் உள்நிலைக்கும் தேவையான 64 பிட் சொற்களை எடுத்துத் தருகிறேன். தொடர்கள் ஒன்றோடொன்று மேற்பொருந்தவே கூடாது என்ற உறுதி வேண்டுமானால், ஸோஷிரோ குடும்பத்தில் அதற்கென்றே தாவல் செயற்கூறு உள்ளது; ஸோஷிரோ256 அதில் ஒரு தாவலுக்கு 2¹²⁸ எண்களைத் தாண்டிச் செல்கிறது. முதல் த்ரெட்டின் நிலையைத் தாவச் செய்து இரண்டாவதுக்கும், அதைத் தாவச் செய்து மூன்றாவதுக்கும் கொடுத்துக்கொண்டே போகலாம்.

ஜாவாவில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: த்ரெட்லோக்கல்ரேண்டம் பூட்டுப் போட்டியைத் தீர்க்கிறது, ஆனால் அதற்கு நாம் விதை தர முடியாது. மறுபடி அதே சோதனையை ஓட்ட வேண்டுமானால், ஜாவா 8-இலிருந்து உள்ள ஸ்ப்ளிட்டபிள்ரேண்டம் பொருத்தமானது.

படி 6: பரவலைத் தனி அடுக்காக வையுங்கள்

ஜெனரேட்டர் தருவது சீரான எண்கள் மட்டுமே. உண்மையான பயன்பாட்டில் சில பதிவுகள் மிக அதிகமாகவும் பல பதிவுகள் எப்போதாவதும் தொடப்படுகின்றன. சீரான எண்ணைச் சாய்ந்த எண்ணாக மாற்றுவது அடுத்த அடுக்கின் வேலை. இரண்டையும் நிரலில் பிரித்து வைத்தால்தான் ஒன்றை மாற்றும்போது மற்றது கெடாமல் இருக்கும். ஜெனரேட்டரின் தரத்தைவிட இந்த அடுக்குதான் முடிவுகளை அதிகம் மாற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து.

100 ஜிகாபைட் தரவு, 10 ஜிகாபைட் கேஷ் என்றால், சீரான பரவலில் கேஷில் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். சில பதிவுகளே மிகப் பல அணுகல்களைப் பெறும் சிஃப் பரவலுக்கு மாறிய உடனே அது பன்மடங்கு உயரும். எனவே எந்தப் பரவல், எந்த அளபுரு (அதன் சாய்வைத் தீர்மானிக்கும் எண்) என்பதை அறிக்கையில் எழுதாத பெஞ்ச்மார்க் எண்ணை வேறு எண்ணுடன் ஒப்பிட முடியாது. சிஸ்பெஞ்ச் 1.0 இயல்பாக எடுத்துக்கொள்வது சீரான பரவலை அல்ல, 'ஸ்பெஷல்' என்ற பெயரிலுள்ள சாய்ந்த பரவலை என்பதை அறியாமலே அதன் முடிவுகளை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு.

யாஹூவில் 2010-இல் உருவான ஒய்சிஎஸ்பி என்ற அளவீட்டுக் கருவி, சிஃப் மாறிலியை 0.99 என்று வைத்தது. பின்வந்த பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். 10 லட்சம் விசைகள் உள்ள அட்டவணையில் 0.99 மாறிலி என்றால், மிகச் சூடான ஒரே விசைக்குச் சுமார் 6.5 சதவீத அணுகல்கள் போக வேண்டும். ஆனால் ஒய்சிஎஸ்பியின் சிதறிய சிஃப் வகையைப் பயன்படுத்தினால் அந்த அளவு வராது. அது சூடான விசைகள் அட்டவணையின் தொடக்கத்திலேயே குவியாமல் இருக்க, முதலில் 1,000 கோடி உருப்படிகள் மீது சிஃப் எண்ணை எடுத்து, பிறகு அதை ஹாஷ் செய்து (சிதறிய வேறொரு எண்ணாக மாற்றி) உங்கள் அட்டவணையின் அளவுக்கு மடக்குகிறது. அதனால் உங்கள் அட்டவணை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முதலிடத்து விசையின் பங்கு சுமார் 3.8 சதவீதத்திலேயே நிற்கும். இது பிழை என்று நான் சொல்லவில்லை. அட்டவணை வளர்ந்தாலும் சூடான விசை மாறாமல் இருக்க எடுத்த முடிவு அது. ஆனால் பூட்டுப் போட்டியை அளக்கும் சோதனையில் 6.5 சதவீதத்துக்கும் 3.8 சதவீதத்துக்கும் இடையிலான வேறுபாடு முடிவையே புரட்டிப்போடும்.

இதே 0.99-ஐ பிஜிபெஞ்சுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அதன் சிஃப் செயற்கூறு இப்போது 1.001 முதல் 1,000 வரையிலான அளபுருவை மட்டுமே ஏற்கிறது. காரணம் கணித முறையில் உள்ளது. ஒய்சிஎஸ்பி கையாள்வது ஜிம் கிரேயும் உடன் பணிபுரிந்தோரும் 1994-இல் வெளியிட்ட நேர் சூத்திரம். அதில் 1-லிருந்து மாறிலியைக் கழித்து வகுக்க வேண்டியிருப்பதால் மாறிலி 1-ஐ எட்டக் கூடாது. பிஜிபெஞ்ச் நிராகரிப்பு முறையைக் கையாள்கிறது. அது 1-க்கு மேல்தான் வேலை செய்யும். இரண்டு கருவிகளிலும் 'சிஃப்' என்ற ஒரே பெயர் இருப்பதால் இரண்டு சுமைகளும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

சூடான விசைகளைச் சிதறச் செய்வதிலும் கவனம் வேண்டும். ஹாஷ் செய்து மீதி எடுத்தால், இரண்டு வெவ்வேறு தரவரிசைகள் ஒரே பதிவில் விழும்; சில பதிவுகள் ஒருபோதும் தொடப்படா. ஒன்றுக்கு ஒன்றாக இடம் மாற்றும் வரிசைமாற்றம் இதைத் தவிர்க்கிறது. பிஜிபெஞ்சின் 14-ஆம் பதிப்பிலிருந்து அதற்கெனத் தனிச் செயற்கூறு உள்ளது.

டீபிசி-சி என்ற பரிவர்த்தனை பெஞ்ச்மார்க் வேறொரு வழியைக் கையாள்கிறது. அதன் என்யூரேண்ட் சூத்திரம் இரண்டு சீரான எண்களைப் பிட் அளவில் 'அல்லது' செயலால் இணைத்து, ஒரு மாறிலியைக் கூட்டி, வரம்புக்குள் மடக்குகிறது. 'அல்லது' செயலில் 1 பிட்கள் கூடுவதால், அதிக 1-கள் கொண்ட எண்கள் அதிகமாக வரும், அதுவே சாய்வு. வாடிக்கையாளர் எண்ணுக்கு 1,023, பொருள் எண்ணுக்கு 8,191, குடும்பப் பெயருக்கு 255 என்று அளபுருக்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. தரவை ஏற்றும்போது குடும்பப் பெயருக்குப் பயன்படுத்திய மாறிலியும் ஓட்டத்தின்போது பயன்படுத்துவதும் 65 முதல் 119 வரை வேறுபட வேண்டும், 96-உம் 112-உம் விலக்கு என்று விவரக்குறிப்பு சொல்கிறது. அந்த விதியைப் பொருட்படுத்தாமல் எழுதிய கருவியை 'டீபிசி-சி போன்றது' என்று அழைப்பதற்கும் நான் தயங்குவேன்.

படி 7: தரவு ஏற்றுதலும் உள்ளடக்கமும்

எல்லாப் பதிவுகளையும் ஒருமுறையாவது தொட வேண்டிய வேலைக்குச் சமவாய்ப்பு எண் பொருத்தமானதல்ல. 10 லட்சம் பதிவுகளில் 10 லட்சம் முறை சீராக எடுத்தால், சுமார் 63 சதவீதப் பதிவுகளே தொடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறையேனும் வர, சராசரியாக 1.44 கோடி முறை எடுக்க வேண்டும். கலைந்த வரிசையில் தரவை ஏற்றுவதற்கும் கேஷைச் சூடேற்றுவதற்கும் வரிசைமாற்றத்தையே பயன்படுத்துங்கள். வட்டுகளை அளக்கும் எஃப்ஐஓ கருவியில் இதற்காகவே எல்எஃப்எஸ்ஆர் என்ற ஜெனரேட்டர் தேர்வு இருக்கிறது. தொட்ட இடங்களின் வரைபடத்தை நினைவில் வைக்காமலேயே ஒவ்வொரு தொகுதியையும் ஒருமுறை மட்டும் தொடும்.

உள்ளடக்கம் தனிப் பிரச்சினை. முழுச் சமவாய்ப்பான பைட்களைச் சுருக்கவே முடியாது. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் மிதமிஞ்சிச் சுருங்கும். இரண்டுமே, சுருக்கம் செய்யும் சேமிப்பு எந்திரத்தைத் தவறாகக் காட்டும். லெவல்டிபியின் அளவீட்டு நிரல், வேண்டிய விகிதத்தில் சுருங்கக்கூடிய 100 பைட் துண்டுகளால் 1 மெகாபைட் தரவை முன்கூட்டியே தயாரித்து வைத்து, அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தருகிறது. அந்த 1 மெகாபைட், சுருக்க அல்காரிதம் பின்னோக்கிப் பார்க்கும் 32 கிலோபைட்டைவிடப் பெரியது என்பதால், திரும்ப வரும் தரவு கண்டுபிடிக்கப்படுவதில்லை. எளிமையான, பின்பற்றத் தக்க ஏற்பாடு.

படி 8: கோரிக்கைகளின் வருகை நேரம்

நிலையான வேகத்தில் கோரிக்கை அனுப்பும் சோதனையில், இடைவெளிகளையும் சமவாய்ப்பாக வைக்க வேண்டும். பிஜிபெஞ்ச் வேக வரம்பு கொடுத்தால் சராசரி வேகம் மாறாமல் இடைவெளிகள் மட்டும் சமவாய்ப்பாக அமையும் பாய்சான் முறையில் வருகைகளைத் திட்டமிடுகிறது. நீங்களே எழுதினால், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணின் மடக்கையிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுங்கள். எண் சரியாக 0 ஆக வந்தால் மடக்கை வரையறையற்றது என்பதால், 1-லிருந்து கழித்த மதிப்பை எடுப்பது பாதுகாப்பானது. விசையைத் தேர்வதற்கும் இடைவெளிக்கும் வெவ்வேறு ஜெனரேட்டர்களை வையுங்கள். இல்லையென்றால் வேகத்தை மாற்றும்போது தொடப்படும் பதிவுகளும் மாறிவிடும்.

படி 9: மறுபடி ஓட்டும்போது அதே எண்கள் வருமா

விதையை மாற்றாமல் இரண்டு முறை ஓட்டினால் ஒரே தொடர் வர வேண்டும். ஒப்பீடு நியாயமாக அதுவே வழி. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே விதையுடன், கேஷைக் காலி செய்யாமல் இரண்டாம் முறை ஓட்டினால், முதல் ஓட்டம் கொண்டுவந்த பக்கங்களையே இரண்டாம் ஓட்டம் கேட்கும். வேகம் கூடியதாகத் தோன்றும். எனவே ஒப்பிடப்படும் இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே விதைத் தொகுப்பைக் கொடுங்கள். ஓர் அமைப்பின் தொடர்ச்சியான ஓட்டங்களுக்கு வெவ்வேறு விதைகளைக் கொடுங்கள். எஃப்ஐஓ இயல்பாகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே தொடரைத் தருகிறது; சிஸ்பெஞ்ச், விதை 0 என்றால் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. கருவிக்குக் கருவி இது நேர்மாறாக இருப்பதால், ஊகிக்காமல் விதையை எப்போதும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுவதே சரி.

விதை ஒன்றாக இருந்தாலும் நூலகம் மாறினால் எண்கள் மாறலாம். சி++ தரநிலையில் மெர்சென் ட்விஸ்டரின் வெளியீடு முழுமையாக வரையறுக்கப்பட்டுள்ளது: இயல்பான விதையுடன் தொடங்கினால் 10,000-ஆவது எண் 4123659995 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை வரம்புக்குள் கொண்டுவரும் பரவல் வகுப்புகளின் உள்முறையைத் தரநிலை வரையறுக்கவில்லை. இரண்டு தொகுப்பான்கள் இரண்டு விதமான பதிவுகளைத் தொடும். கருவியின் உள்ளேயே ஜெனரேட்டரையும் வரம்பு மாற்றத்தையும் எழுதி வைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இரண்டும் சேர்ந்து சில பத்து வரிகளுக்கு மேல் போகாது.

படி 10: உங்கள் கருவியிலேயே சோதியுங்கள்

டெஸ்ட்யூ01, பிராக்ட்ரேண்ட் போன்ற சோதனைத் தொகுப்புகள் அல்காரிதத்தை மட்டுமே சோதிக்கின்றன. விதை, த்ரெட், வரம்பு ஆகிய மூன்றிலும் நாம் செய்யும் தவறுகளை அவை பார்ப்பதில்லை. அதற்கு, தரவுத்தள அழைப்பை மட்டும் நீக்கிவிட்டு, கருவி தேர்ந்தெடுக்கும் பதிவு எண்களை ஒரு பிட் வரைபடத்தில் (பதிவு ஒன்றுக்கு ஒரு பிட்) குறித்துக்கொள்ளும் முறை ஒன்றைக் கருவியிலேயே சேர்த்துவிடுங்கள்.

சீரான பரவல், 1 கோடிப் பதிவுகள், எல்லா த்ரெட்களும் சேர்ந்து 1 கோடி முறை எடுக்கட்டும். வெவ்வேறு பதிவுகளின் எண்ணிக்கை 63,21,206-ஐ ஒட்டி வர வேண்டும். திட்ட விலக்கம் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால், மூவாயிரத்துக்கு மேல் விலகினால் ஏதோ தவறு. 32,768 என்று வந்தால் வெளியீட்டின் அகலம் 15 பிட். முழு 1 கோடியும் வந்தால், ஜெனரேட்டர் சமவாய்ப்பாக எடுக்கவில்லை, வரிசைமாற்றமாக நடந்துகொள்கிறது. 32 த்ரெட்களும் ஒரே விதையில் ஓடினால் விடை சுமார் 3,08,000 என்று வரும். தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு நாட்களையும் இந்த ஒரு எண் மிச்சப்படுத்தியிருக்கும்.

சாய்ந்த பரவலுக்கு, மிகச் சூடான 10 விசைகளின் பங்கைத் தனித்தனியே எண்ணிச் சூத்திரம் சொல்லும் பங்குடன் ஒப்பிடுங்கள். அதே வெற்று ஓட்டத்தில், கருவி விநாடிக்கு எத்தனை கோரிக்கைகளை உருவாக்க முடிகிறது என்பதையும் த்ரெட்கள் கூடக் கூட அது கூடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் தரவுத்தளத்திடம் எதிர்பார்க்கும் வேகத்தைப் போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அல்காரிதத்தின் பெயர், முதன்மை விதை, பரவல், அதன் அளபுரு, கருவியின் பதிப்பு ஆகியவற்றை எழுதி, வெற்று ஓட்டத்தில் கிடைத்த எண்ணிக்கைகளையும் அவற்றின் கீழே சேர்த்துவிடுங்கள்.